‘இந்த உட்பிரிவில்’: மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

“பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி, லாயருக்குப் படிக்க வை.” எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கிள்ளானிலிருந்து பட்டர்வொர்த் வரை ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் ஏதோ ஒரு மாமா இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். வாய் வேண்டாம் என்றில்லை. ஆனால் அதற்கு வேலை வருவது கடைசியில்தான். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் நான்கு ஆண்டுகளும் மாணவருக்கு இருக்கும் வேலை வாசிப்பு. சத்தமில்லாமல், மெதுவாக, ஒரே வரியை மூன்று தடவை வாசிக்கும் வாசிப்பு. அது பிடிக்காத பேச்சாளப் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே துவண்டுபோவதும், டியூட்டோரியலில் வாயே திறக்காத பிள்ளை முதல் வகுப்பில் தேறுவதும் நடக்கிற காரியம்.

எவ்வளவு மெதுவாக வாசிக்க வேண்டும் என்பதற்குப் பினாங்கு நிலம் ஒன்றின் கதை போதும்.

தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்கு நிலம் இருந்தது. வேறொருவர் தாமே பூன்சோம் என்று சொல்லி, போலிக் கையெழுத்துப் போட்டு, அதை அடோர்னா புரொப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். நிறுவனத்துக்கு மோசடி தெரியாது. பணம் கொடுத்தது, நிலப் பதிவேட்டில் அதன் பெயரும் ஏறியது. இப்போது நிலம் யாருடையது?

விடை தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவரின் உரிமையை அசைக்க முடியாது என்பது முதல் உட்பிரிவு. இரண்டாவது உட்பிரிவு விலக்குகளைச் சொல்கிறது: மோசடியில் பதிவுபெற்றவருக்கே பங்கு இருந்தால், போலிக் கையெழுத்தாலோ செல்லாத பத்திரத்தாலோ பதிவு கிடைத்திருந்தால், சட்டத்துக்குப் புறம்பாக உரிமை பெறப்பட்டிருந்தால், அதை ரத்து செய்யலாம். அப்படிப் பழுதான உரிமை அடுத்தவர் கைக்குப் போனாலும் பழுது கூடவே போகும் என்கிறது மூன்றாவது உட்பிரிவு. அதன் வாலில் ஒரு வரம்புரை தொங்குகிறது: நல்லெண்ணத்தோடு, உரிய விலை கொடுத்து வாங்கியவரின் உரிமையை ‘இந்த உட்பிரிவில்’ உள்ள எதுவும் பாதிக்காது.

ஆங்கில மூலத்தில் அது மூன்று சின்னச் சொற்கள். ‘இந்தப் பிரிவில்’ என்று அங்கே இல்லை, ‘இந்த உட்பிரிவில்’ என்றுதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பாதுகாப்பு மூன்றாவது உட்பிரிவுக்குள் வருகிறவருக்கு மட்டுமே. போலிக் கையெழுத்துக்காரனிடம் நேரடியாக வாங்கியவர் இரண்டாவது உட்பிரிவில் மாட்டிக்கொள்கிறார். அவரிடமிருந்து வாங்கிய அடுத்தவருக்குத்தான் குடை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் பூன்சோம் பக்கம் நின்றது. 2000 டிசம்பரில் நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, நேரடியாக வாங்கிய அடோர்னாவுக்கே அந்தக் குடையைக் கொடுத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் சட்டம் இதுதான். உங்கள் கையெழுத்தை எவனோ போட்டு உங்கள் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் அப்பாவியாக இருந்தால் போதும், நிலம் போனது போனதுதான். 2010 ஜனவரி 21-ஆம் தேதி, குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய தான் யிங் ஹோங் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் தன் பழைய வாசிப்பைத் தவறு என்று ஒதுக்கித் தள்ளியது.

தேர்வில் இது எப்படி வரும்? முருகனின் நிலத்தை அவருடைய உறவினர் போலிக் கையெழுத்தில் லிம்முக்கு விற்கிறார். லிம் அதே நிலத்தை வங்கியில் அடகு வைத்துக் கடன் எடுக்கிறார். லிம்முக்கும் வங்கிக்கும் எதுவும் தெரியாது. முருகனுக்கு ஆலோசனை கூறுக. பலர் எழுதுவது: “லிம் நல்லெண்ணத்தோடு வாங்கினார், ஆகவே வரம்புரை அவரைக் காக்கும்.” அங்கேயே மதிப்பெண் சரிந்துவிடும். லிம் முதல் கை. அவருடைய உரிமை 340(2)(பி)-யில் அடிபடும், நல்லெண்ணம் அவருக்கு உதவாது. வங்கி இரண்டாம் கை. லிம்மின் உரிமையிலிருந்து பிறந்த நலன் என்பதால் அது 340(3)-க்குள் வருகிறது, வரம்புரை வங்கிக்குக் கிடைக்கும். அப்போது இன்னொரு கேள்வி எழ வேண்டும்: வங்கி ‘வாங்கியவர்’ ஆகுமா? 5-ஆம் பிரிவின் சொற்பொருளைப் புரட்டினால், நிலத்தில் ஏதேனும் ஒரு நலனைப் பெறுபவரும் வாங்கியவரே என்று இருக்கும். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகிறவர், தான் யிங் ஹோங் வழக்கில் வங்கி தோற்றதே, இங்கே எப்படி ஜெயிக்கும் என்று கேட்டு, அதற்கும் பதில் எழுதுவார். அந்த வழக்கில் போலி அதிகாரப் பத்திரத்தை வைத்து அடகே நேரடியாகப் போடப்பட்டது. அங்கே வங்கிதான் முதல் கை. நல்ல மதிப்பெண்ணுக்கும் சுமாரான மதிப்பெண்ணுக்கும் இடையில் இருப்பது இந்த ஒரு பத்தி.

நான்கு ஆண்டுப் படிப்பில் முக்கால்வாசி இப்படித்தான் போகும் என்று தெரிந்துகொண்டு விண்ணப்பம் போடுவது நல்லது.

விண்ணப்பம் யூ.பி.யூ. என்ற அரசுப் பல்கலைக்கழகப் பொதுச் சேர்க்கை முறை வழியாகத்தான். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு), மெட்ரிகுலேஷன் போன்ற வழிகளில் வருகிறவர்களுக்குத் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தை அலட்சியம் செய்து ஏமாறுகிறவர்கள் நம்மவர்களில் அதிகம் என்பது என் எண்ணம். எல்லாரும் 4.00-ஐ ஒட்டி நிற்கும் வரிசையில் பொறுப்பாளர் பதவியும் மாவட்டப் போட்டிச் சான்றிதழும்தான் முன்னே தள்ளும். எஸ்.டி.பி.எம்.மில் பொதுக்கல்வி கட்டாயப் பாடம். புள்ளி கணக்கிடும்போது அதோடு சிறந்த மூன்று பாடங்கள் சேரும் என்பதால், “ஜெனரல் பேப்பர்தானே” என்று அதைக் கைவிடுவது மொத்தத்தையும் இழுத்துவிடும். மூயெட் ஆங்கிலத் தேர்வை ஆறாம் படிவத்தின் முதல் ஆண்டிலேயே ஒரு முறை எழுதிப் பார்த்துவிட வேண்டும், திரும்ப எழுத நேரம் இருக்கும். சிறப்புத் தகுதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், அண்ணன் அக்கா சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டு யூ.பி.யூ. பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் இங்கே இத்தனை போட்டி? காரணத்தில் ஒன்று 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. தொழிலுக்குத் ‘தகுதி பெற்றவர்’ யார் என்று சொல்லும் அந்தப் பிரிவில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெயர் நேரடியாக இருக்கிறது, கூடவே சிங்கப்பூரில் இருந்த பழைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெயரும். 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய பல்கலைக்கழகம் பிறகு இரண்டாகப் பிரிந்தபோது, சட்டப் பிரிவு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. கோலாலம்பூரில் சட்டப் புலம் 1972-இல்தான் தொடங்கியது. அதன் முதல் தலைவர் அஹமட் இப்ராஹிம், சிங்கப்பூரின் முதல் சட்டத்துறைத் தலைவராக இருந்தவர். புலத்தின் சட்ட நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி தெங்கு மைமுன் இந்தப் புலத்தில் படித்தவர். வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிற பலர் சி.எல்.பி. என்ற ஐந்து தாள் தேர்வை எழுதித் தேற வேண்டும்: பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில்முறை. மலாயாப் பட்டதாரிக்கு அந்தத் தலைவலி இல்லை. குறைந்தது ஓர் ஆண்டும், அந்த ஆண்டின் கட்டணமும் மிச்சம். இங்கே படித்தவர்கள்தான் அறிவாளிகள் என்ற பெருமைப் பேச்சை விட்டுவிடுங்கள், இந்த ஓர் ஆண்டுதான் கணக்கில் வரும்.

லெம்பா பந்தாய் வளாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி டி789 பேருந்து பிடித்தால் உள்ளே போய்விடலாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான், வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. இதே வளாகத்தில்தான் தனிநாயகம் அடிகள் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்தினார், முதல் உலகத் தமிழ் மாநாடும் 1966-இல் இந்த ஊரில்தான் நடந்தது. சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளை எப்போதாவது அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

முதல் ஆண்டில் பிள்ளைகளைக் குழப்புவது மலேசியச் சட்ட அமைப்பு என்ற பாடம். பேர் சாது, உள்ளே கண்ணி. 1956-ஆம் ஆண்டு குடிமையியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நம் சட்டத்தில் இடைவெளி இருந்தால் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை எடுத்துக்கொள் என்கிறது. ஆனால் எந்த நாளில் இருந்த சட்டம்? தீபகற்பத்துக்கு 1956 ஏப்ரல் 7, சபாவுக்கு 1951 டிசம்பர் 1, சரவாக்குக்கு 1949 டிசம்பர் 12. அதன் பிறகு வந்த ஆங்கிலத் தீர்ப்புகள் வழிகாட்டலாம், கட்டுப்படுத்தாது. இதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கம் போகிறவர்கள் 5-ஆம் பிரிவில் வழுக்கி விழுவார்கள். வணிகச் சட்டத்துக்குக் கோடு வேறு இடத்தில் போடப்பட்டிருக்கிறது. பினாங்கும் மலாக்காவும் தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களோடு நிற்காமல் சபா, சரவாக் பக்கம் போய் நிற்கின்றன, அங்கெல்லாம் நாள் வரம்பே இல்லை. பினாங்கின் பிறாயில் நடந்த ஒரு வணிகத் தகராறுக்கும் சிலாங்கூரின் ஷா ஆலாமில் நடந்த அதே தகராறுக்கும் ஏட்டளவில் வேறு ஆங்கிலச் சட்டம் பொருந்தலாம். 1807-இல் முதல் நீதிச் சாசனம் வந்திறங்கிய தீவு என்பதால் பினாங்குக்கு இன்னும் இந்தத் தனி மரியாதை. நடைமுறையில் நம்முடைய சொந்தச் சட்டங்கள் பெரும்பாலான இடைவெளிகளை அடைத்துவிட்டன. ஆனால் தேர்வுத் தாள் அந்த ஏட்டைத்தான் கேட்கும். நிலம் பற்றியது என்றால் 6-ஆம் பிரிவு ஆங்கில நிலவுரிமைச் சட்டத்துக்குக் கதவையே சாத்திவிடுகிறது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தில் நம்மவர்களுக்கு ஒரு சௌகரியமும் ஒரு பொறியும் சேர்ந்தே வரும். நம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் பிள்ளை. அதனால் இந்தியத் தீர்ப்புகளும் உரைநூல்களும் உதவும், இணையத்தில் சென்னை ஆசிரியர்கள் தமிழில் நடத்தும் பாடங்கள்கூட உதவும். பொறி எங்கே என்றால், பிரிவு எண்ணில். 19 வரை இரண்டும் ஒன்றாக நடக்கும். இந்தியாவில் பிறகு 19ஏ என்று செருகியதை நாம் 20 என்று எண்ணிவிட்டோம். அங்கிருந்து நம் எண் ஒன்று கூடுதலாக ஓடும். அங்கே 23 என்றால் இங்கே 24, அங்கே 25 என்றால் இங்கே 26, அங்கே 74 என்றால் இங்கே 75. இந்திய வீடியோ பார்த்து எண்ணை அப்படியே எழுதிவைத்த விடைத்தாளை விரிவுரையாளர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சௌகரியத்துக்கு ஒரு வழக்கு. 1880-களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வந்த சின்னய்யா வழக்கு. நிலம் கொடுத்தது ஒருவர். நிலத்தை வாங்கிக்கொண்டவர், உறவினருக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, “நீ எனக்கு எதுவும் தரவில்லையே” என்று பிறகு கைவிரித்தார். கைம்மாறு (வாக்குறுதிக்குப் பதிலாகத் தரப்படுவது) வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வரவேண்டியதில்லை, வேறொருவரிடமிருந்தும் வரலாம் என்றது நீதிமன்றம். நம் 2(டி) பிரிவும் அதே சொற்களில் இருக்கிறது. இங்கே மாணவர்கள் ஒரு படி அதிகமாகத் தாவிவிடுவார்கள்: “அப்படியானால் ஒப்பந்தத்தில் இல்லாதவரும் வழக்குப் போடலாம்.” போட முடியாது. கைம்மாறு யாரிடமிருந்தும் வரலாம், ஆனால் வழக்குப் போடுகிறவர் ஒப்பந்தத் தரப்பாக இருக்க வேண்டும் என்று 1968-இல் வெளியான கெப்போங் புரோஸ்பெக்டிங் வழக்கில், அப்போது நம் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தெளிவாக்கிவிட்டது.

வயது குறைந்தவர் செய்த ஒப்பந்தமும் இதே வழியில் வந்ததுதான். கல்கத்தாவிலிருந்து போன மோஹோரி பீபி வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்றது. 1971-இல் குர்சரண் சிங் என்பவர் மீது அரசாங்கம் வழக்குப் போட்டது. அரசாங்கச் செலவில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர், ஒப்பந்தம் போட்டபோது வயது வராதவர். ஒப்பந்தம் செல்லாது, ஆனால் கல்வி ‘அத்தியாவசியம்’ என்பதால் நியாயமான தொகையை மீட்கலாம் என்றார் நீதிபதி. அரசாங்கத்துக்கு இது போதவில்லை. 1976-இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கு வயதுச் சாக்கு செல்லாது என்று எழுதிவிட்டார்கள். ஒரு வழக்கு தோற்றால் நாடாளுமன்றம் என்ன செய்யும் என்பதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ள இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

அரசியலமைப்பிலும் ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. 12(4) பிரிவின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தை முடிவு செய்வது ‘பெற்றவர் அல்லது காப்பாளர்’. ஆங்கிலத்தில் பெற்றவர் என்ற சொல் ஒருமையில் இருக்கிறது. கணவர் இஸ்லாத்துக்கு மாறி மகனையும் மாற்றியதால் எழுந்த சுபாஷினி வழக்கில், 2007 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஒருமையை ஒருமையாகவே வாசித்தது: ஒருவர் போதும். 2018 ஜனவரி 29-இல், அதே மாதிரி எழுந்த, இந்திராகாந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் அதே நீதிமன்றம், ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்று சொல்லும் பதினொன்றாம் அட்டவணையையும் சேர்த்து வாசித்து, தாயும் தந்தையும் இருவருமே சம்மதிக்க வேண்டும் என்றது. இந்த இரண்டையும் பற்றிக் கோயில் வாசலில் பேசும் பேச்சு வேறு, தாளில் எழுதும் பேச்சு வேறு. தாளில் கோபத்துக்கு மதிப்பெண் கிடையாது, அட்டவணை எண்ணுக்கு உண்டு. இந்தப் பாடத்துக்கு வழக்குகள் தூரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014-இல் இதே புலத்தின் விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம் மீது தேச நிந்தனைக் குற்றச்சாட்டு வந்தது. 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, 2016-இல் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. பாடம் நடத்துகிறவர் பெயரே பாடத்தில் வழக்காக வரும் புலம் இது.

ஒரு தீர்ப்பை எப்படி வாசிப்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. மலாயன் லா ஜர்னல், கரண்ட் லா ஜர்னல் இரண்டிலும் தீர்ப்புக்கு முன்னால் ஒரு சுருக்கம் இருக்கும். அதை எழுதியவர் நீதிபதி அல்ல, பதிப்பாசிரியர். அதை வாசித்து வழி தெரிந்துகொள்ளலாம், மேற்கோள் காட்டக்கூடாது. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய் யார் ஜெயித்தார் என்று பார்த்துவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு வாசித்தால் நீதிபதி எந்த இடத்தில் திரும்பினார் என்பது கண்ணில் படும். மூன்றாவதாக, நீதிபதி தரப்புகளின் வாதத்தைச் சொல்லும் பத்தியையும் தம் முடிவைச் சொல்லும் பத்தியையும் பென்சிலால் பிரிக்க வேண்டும். தோற்ற வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதியின் கூற்றாக எழுதுவது முதல் ஆண்டின் தேசியப் பிழை. கடைசியில், அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் குறிப்பு: நடந்தது என்ன, கேள்வி என்ன, விடை என்ன, ஏன், எந்தப் பிரிவு. அரைப் பக்கத்தில் அடங்கவில்லை என்றால் வழக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்பதையும் குறித்துவைக்க வேண்டும். 1985-க்கு முன் இங்கிருந்து பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போனது. குற்றவியலும் அரசியலமைப்பும் மட்டும் 1978-லேயே நின்றுவிட்டன. 1985-க்குப் பிறகு நம் உச்ச மன்றத்தின் பெயர் சுப்ரீம் கோர்ட், 1994-இல் அது மறுபடி கூட்டரசு நீதிமன்றமாகி, நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிதாக முளைத்தது. இது தெரியாமல், மலேசிய மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் சொன்னதை ‘வெளிநாட்டுத் தீர்ப்பு’ என்று எழுதுகிறார்கள்.

தரவுத்தளத்தில் தேடும்போது நம் பெயர்களே நம்மைச் சுற்றிவிடும். தியாகராஜா என்ற ஒரே பெயருக்கு ஆங்கில எழுத்தில் நாலைந்து உருவம் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது என்பதால் பட்டியலில் சொந்தப் பெயரின் முதல் எழுத்தில்தான் வரும், ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) சுருக்கத்துக்குப் பின்னால் இருப்பதைத் தேடிப் பயனில்லை. பெயர் அகப்படாவிட்டால் பிரிவு எண்ணையும் ஆண்டையும் போட்டுத் தேடுவது சீக்கிரம் முடியும்.

சீனியர்களின் நோட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கையிலிருந்து கைக்கு, இப்போது டெலிகிராம் குழுவிலிருந்து குழுவுக்கு வரும் அந்த நோட்ஸ் தேன் மாதிரி இருக்கும், தேதி மட்டும் இருக்காது. 1965-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் இடத்தில் 2016 சட்டம் வந்துவிட்டது. நிலச் சட்டம் 2020-இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டது. முன்கூட்டியே பேசிவைத்த நஷ்டஈட்டைப் பெற நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று, இரண்டு மருத்துவர்களுக்கிடையே கிளினிக் விற்பனையில் எழுந்த 1995-ஆம் ஆண்டு செல்வகுமார் வழக்கை வைத்து இன்னும் நோட்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. 2018-இல் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கு அந்த நிலையைத் தளர்த்திவிட்டது. எல்லாவற்றிலும் ஆபத்து குற்றவியல் நோட்ஸ். தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302-ஆம் பிரிவுக்குக் ‘கட்டாய மரண தண்டனை’ என்று எழுதினால் 2023 ஜூலைக்கு முன்னால் வாழ்கிறீர்கள் என்று பொருள். இப்போது மரணம், அல்லது 30-லிருந்து 40 ஆண்டு வரை சிறை, மரணம் விதிக்காவிட்டால் 12-க்குக் குறையாத பிரம்படி. நோட்ஸை வாங்குங்கள், ஒவ்வொரு சட்டத்தையும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையப் பதிப்போடு ஒப்பிட்டுவிட்டு.

மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு மூன்று தளங்கள். வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலம். நீதிமன்றம் மலாய். தேசிய மொழிச் சட்டங்களின் 8-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, நீதியின் பொருட்டு ஆங்கிலத்துக்கு இடம் தரலாம் என்ற விலக்கோடு. வாதியும் எதிர்வாதியும் அப்படியே ‘பிளெய்ன்டிஃப்’, ‘டிஃபெண்டான்’ என்று மலாயிலும் வந்துவிடுவதால் பெயர்ச்சொற்கள் பயமுறுத்தாது. பயமுறுத்துவது இணைப்புச் சொற்கள். ‘தெர்தாக்லுக் கெபாடா’ என்றால் ‘அதற்கு உட்பட்டு’, இந்தப் பிரிவு தோற்கும். ‘வலாவ் ஆப்பா புன்’ என்றால் ‘வேறெங்கும் என்ன சொல்லியிருந்தாலும்’, இந்தப் பிரிவு ஜெயிக்கும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் விடை தலைகீழ்.

மூன்றாவது தளம் தமிழ், அது பாடத்தில் இல்லை. ஆனால் இலவசச் சட்ட உதவி முகாமில் முதல் மேசையில் உட்கார்ந்த உடனே வந்துவிடும். “அவன் கொன்னுட்டான்” என்று ஓர் அம்மா சொல்கிறார். தண்டனைச் சட்டத்தின் 299-ஆம் பிரிவில் வருவது குற்றமாகும் மரணம் விளைவித்தல், 300-இல் வருவது கொலை. முன்னது பெரிய வட்டம், பின்னது அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். எண்ணமும் காயத்தின் தன்மையும்தான் எல்லைக்கோடு. தமிழில் இரண்டுக்கும் நாம் ‘கொலை’ என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம். அந்த அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர், அவர் சொல்லாத ஒரு முடிவைத் தாளில் ஏற்றிவிடக்கூடும். “என்ன நடந்தது, கையில் என்ன இருந்தது, எத்தனை முறை, எங்கே பட்டது” என்று கேட்டு, அதை மட்டும் எழுத வேண்டும்.

மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போலி நீதிமன்றப் போட்டிக்கு வருகிறேன், வாய்க்கு வேலை கிடைக்கும் இடம். அங்கேயும் மாமா நினைத்தது நடக்காது. நீதிபதியாக அமர்ந்திருப்பவர் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே கேட்பார்: “அந்த மேற்கோள் எந்தப் பக்கம்?” தொகுப்பில் தாளைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தால் நேரம் ஓடும். முக்கியமான பத்திக்கு மஞ்சள் கோடு, ஓரத்தில் ஒட்டுத்தாள், வாதக் குறிப்பில் தொகுப்பின் பக்க எண், மூன்றும் இருக்க வேண்டும். கேள்விக்கு முதலில் ஆமாம் அல்லது இல்லை, பிறகு காரணம், பிறகு விட்ட இடம். “அதற்கு அப்புறம் வருகிறேன், யாங் ஆரிஃப்” என்று சொல்லித் தப்பப் பார்ப்பதுதான் மோசம்.

பாடமில்லாத ஒரு காலையில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போய் உட்கார்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, திறந்த நீதிமன்றம் பொதுமக்களுக்கும் திறந்ததுதான். அடக்கமான உடை, கைப்பேசி மௌனம், படம் எடுக்கக்கூடாது, நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதியை நோக்கித் தலை வணக்கம். வழக்கு நடக்கும் நாளில் போங்கள். வழக்கின் நிலையை மட்டும் கேட்கும் ‘மென்ஷன்’ நாளில் போனால் ஒத்திவைப்பு மட்டும்தான் பார்க்கக் கிடைக்கும். புத்ராஜெயாவில் மேல்முறையீடு பார்த்தால் சாட்சிகள் இருக்க மாட்டார்கள், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் ஒரு பத்தியைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது தொழிற்பயிற்சி. ஏழு ஆண்டுக்குக் குறையாத தொழில் அனுபவம் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் சேர வேண்டும். அவர்தான் மாஸ்டர். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் பயிற்சிக்குப் போன அலுவலகத்திலேயே இடம் கேட்பது சுலபமான வழி. கிடைக்கிற முதல் இடத்தில் தலையாட்டிவிடாமல், வழக்காடும் வேலையா, சொத்துப் பத்திர வேலையா, மாத உதவித்தொகை எவ்வளவு, இலவசச் சட்ட உதவிக் கடமைக்கு நேரம் விடுவார்களா என்ற நாலையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஒன்பது மாத முடிவில் உயர்நீதிமன்றத்தில் லாங் கால், வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்படும் நிகழ்வு. அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் மாட்டி, உறவெல்லாம் வந்து படம் எடுத்துக்கொள்ளும் நாள்.

ஆனால் சேம்பரிங்கின் முதல் வாரத்தில் பலருக்குக் கிடைக்கும் வேலை நிலத் தேடல். வாங்குபவருக்காகப் பதிவேட்டைப் பார்த்துவர அனுப்புவார்கள். தேசிய நிலச் சட்டத்தின் 384-ஆம் பிரிவில் தனித் தேடல், 385-இல் சான்றிதழோடு அலுவல்முறைத் தேடல். தாள் கையில் வந்ததும் உரிமையாளரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், அடகு இருக்கிறதா, கேவியட் (கைமாற்றத் தடைக் குறிப்பு) ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நிலம் விற்பவர் கைக்கு எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். போன மாதம்தான் கைமாறியது என்றால் மாஸ்டர் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்: “நம்ம ஆள் எத்தனையாவது கை?”